சல்லிசாய் ஒரு பிரெஞ்சு வெள்ளை

குடிக்கிறவர்கள், குடிக்காதவர்கள் என்று உலகத்தில் இரண்டே ரகம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், ராயபுரம் பக்கம் நீங்கள் வந்ததே இல்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அது குடிக்காது. ரசிக்கும்.

இந்த ரகத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறியும் புத்தி தேவையில்லை. எதைக் கையில் கொடுத்தாலும் நேரே மூக்குக்குக் கொண்டுபோகும். டீக்கடையில் டீயைக் கொடுங்கள், கிளாஸை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நிறம் பார்த்து, மெல்லச் சுழற்றி, சட்டையில் பாதியைச் சிந்தி, கண்ணை மூடி மோந்து, ஒரே ஒரு வாய் உறிஞ்சி, அதை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப வரவழைத்து, கடைசியில் தீர்ப்புச் சொல்லும்: "நீலகிரி. ஆனா மேற்குச் சரிவு." அது காலையில் போட்ட தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றியது என்று டீக்கடைக்காரர் சொல்ல வாயெடுப்பார். காதில் விழுமா? விழாது. ரசிகர்களுக்கு மூக்கும் நாக்கும்தான் உண்டு, காது கிடையாது.

இந்த ரகத்திலும் ஓர் உயர்ந்த வகை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க ஒயின் தேடுகிற வகை. அதிலும் சாதாரண ஒயின் கூடாது. பிரெஞ்சாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும், சல்லிசாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்ததை நம் கடற்கரையில் யாரும் பார்த்ததில்லை. வெள்ளையும் சல்லிசும் போதும் என்றால் கள் இருக்கிறது. பிரெஞ்சும் வெள்ளையும் போதும் என்றால் பாண்டிச்சேரிக்குப் போகலாம். அங்கே விலையைக் கேட்டதுமே தலை சுற்றும், குடிக்க வேண்டிய அவசியமே இராது. மூன்றும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பெயர் ஸ்டானிஸ்லாஸ். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் காய்கறி, கோழி, சோப்பு, கயிறு என்று சகலமும் சப்ளை செய்கிற ஒரு கம்பெனியில் குமாஸ்தா. எப்போதோ ஒரு முறை, வழக்கமாகப் போகிற ஆள் வராத நாளில், பில்லில் கையெழுத்து வாங்க ஒரு பிரெஞ்சு சரக்குக் கப்பலில் ஏறினார். கப்பல் தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். வந்தவரை நிற்க வைக்க மனமில்லாமல், ஒரு துண்டு வறுத்த மீனும் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயினும் கொடுத்து உட்காரச் சொன்னார். அவ்வளவுதான். அந்தக் கப்பல் போய்விட்டது. ஸ்டானிஸ்லாஸ் மட்டும் அதிலிருந்து இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு என்பது பிரசங்கம் ஆயிற்று. "மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு" என்பது முதல் கட்டளை. மனைவி ஹில்டா வஞ்சிரம் வறுத்து வைத்தால், தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "இதுக்குப் பக்கத்துல ஒரு கிளாஸ் வெள்ளை இருந்திருக்கணும்." மீன் குழம்பு வைத்தால் இன்னும் நீளமான பெருமூச்சு. "இம்மாம் புளி ஊத்திகீறியே, இதுக்கு எதிர்ல எந்த ஒயின் நிக்கும், சொல்லு?" ஹில்டா சொல்வாள்: "நிக்க வாணாம். நீங்க குந்தித் துன்னுங்க."

மதுவிலக்கு இருந்தவரை இது யாருக்கும் தொல்லை இல்லாத வியாதியாகத்தான் இருந்தது. சர்க்காரே குறுக்கே நின்று ஹில்டாவின் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்றில் மதுவிலக்கைத் தள்ளி வைத்துக் கடைகளைத் திறந்தார்கள். ஊரெல்லாம் சந்தோஷம். ஹில்டா மட்டும் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

திறந்த முதல் வாரமே ஸ்டானிஸ்லாஸ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டோல்கேட் கடை வரிசையில் போய் நின்றார்.

"பிரான்சு வெள்ளை கீதா?"

"இன்னா சார் கேட்ட?"

"வெள்ளை ஒயின். டிரையா இருக்கணும். ரொம்ப விலை போகக் கூடாது."

கடைக்காரர் உள்ளே திரும்பி, "டேய், இங்க ஒர்த்தரு ஈரமில்லாத சரக்கு கேக்குறாருடா" என்றார். பின்னால் நின்றவர் ஸ்டானிஸ்லாஸின் தோளைத் தொட்டு, மிகுந்த பிரியத்தோடு, "நைனா, கொடுக்குறத வாங்கினு நகரு. நாங்கள்லாம் ஈரமாவே குடிச்சுக்கினு போறோம்" என்றார்.

மனம் தளர்வாரா? அடுத்து பங்குச் சாமியாரிடம் போனார். பூசைக்கு வைக்கிற ஒயினை எந்தக் கடையில் வாங்குகிறீர்கள், அதில் வெள்ளை உண்டா, மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா என்று விசாரித்தார். சாமியார் அவரை முழந்தாளிடச் சொல்லி, தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபம் பண்ணி அனுப்பினார்.

ஒயின் கிடைக்காத இடைவேளையில் மற்ற பிரெஞ்சுப் பொருள்கள் வீட்டுக்குள் நுழைந்தன. ஒரு தடவை கப்பலில் மிஞ்சியது என்று சிவப்பு மெழுகு பூசிய பாற்கட்டி உருண்டை ஒன்று சல்லிசாக வந்தது. அன்றைக்குத்தான் மகள் ஐரீனைப் பெண் பார்க்கப் பெரம்பூரிலிருந்து வந்திருந்தார்கள். மெழுகை உரிக்க வேண்டும் என்பது ரசிகருக்குத் தெரியவில்லை. பிள்ளையின் தாய்மாமா மரியாதைக்காக ஒரு துண்டை மெழுகோடு கடித்து, மென்று, மென்று, மென்றுகொண்டே வீட்டுக்குப் போனார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

ஐரீன் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெரம்பூர் வரன் கைவிட்டுப் போனதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் தினமும் காலையில் அவள் ஏறுகிற பஸ்ஸிலேயே எண்ணூர்த் தொழிற்சாலைக்குப் போகிற ஹென்றி என்ற ஃபிட்டரும் ஏறுவான். இவள் இறங்கும்போது அவன் காலை ஒடுக்கி வழிவிடுவான். ஒரு நாள் "பாத்து எறங்குங்க" என்றான். இன்னொரு நாள் "நேத்து ஏன் வரல?" என்றான். இப்படி ஒரு வருஷத்துப் பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது. ஆனாலும் போதுமானதாக இருந்தது. இருவரும் தத்தம் சொந்தக்காரர்களைப் பிடித்து, ஏதோ தற்செயலாக வந்த வரன் போல அதை வீட்டுக்கு வரவழைத்தார்கள்.

ஹென்றியின் அப்பா அந்துவான் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சைகோன், அல்ஜீரியா என்றெல்லாம் போய்வந்து, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர். இந்தச் செய்தி காதில் விழுந்ததும் ஸ்டானிஸ்லாஸின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. அதைப் பார்த்ததும் ஐரீன் பதறி ஓடிவந்தாள்.

"அப்பா, வர்றவங்களுக்குக் கலர் சோடா குடுக்கலாம்பா. கலர் எல்லாருக்கும் புடிக்கும்."

"பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரருக்குக் கலரா? கேட்டா பிரான்சே சிரிக்கும்."

"பிரான்சு நம்ம வூட்டுக்கு வரலப்பா. அவங்க மூணு பேருதான் வர்றாங்க."

"நீ கம்னு இரு. உன் கல்யாணத்துக்குத்தானே நான் பாடுபடுறேன்?"

ஐரீன் சமையலறைக்குப் போய் அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். "இதும் போச்சுன்னா, அம்மா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. ஹில்டாவும் முடிக்கச் சொல்லவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் நேரே தம் தோஸ்து உசேனைத் தேடிப் போனார். உசேன் கப்பலில் கழித்துக் கட்டிய பழைய கித்தான், விளக்கு, நங்கூரச் சங்கிலி எல்லாம் வாங்கி விற்கிறவன். ஒரு சொட்டு குடிக்க மாட்டான். ஆனால் எதற்கும் பேரம் பேசுவான்.

"உனக்கு இத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதேப்பா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"தெரியாதவன்தான் மாமு பேரத்துக்கு லாயக்கு. தெரிஞ்சவனுக்கு ஆசை வந்துடும். ஆசை வந்தா மூஞ்சில தெரியும். மூஞ்சில தெரிஞ்சா வெலை ஏறிடும். நீ பின்னால நில்லு, வாயத் தொறக்காத."

துறைமுகத்தில் அப்போது ஒரு பிரெஞ்சுக் கப்பல் நின்றது. அதன் சமையல்காரன் ஊர் சுற்றிப் பார்க்க இறங்கி, கப்பல்காரர்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். உசேனுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. உசேன் பாட்டில் போலக் கையால் காட்டினான், "ஒயின்" என்றான், தன் வெள்ளைச் சட்டையைத் தொட்டுக் காட்டினான், பிறகு மீன் நீந்துவது போலவும் அது வாணலியில் துள்ளுவது போலவும் நடித்தான். சமையல்காரன் உற்றுப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "பிளான்! பிளான்!" என்றான், வெள்ளை என்று அவன் பாஷையில். அவனிடம் நீங்கள் மீனையும் வாணலியையும் காட்டிக் கேட்டால், ஒரு சமையல்காரன் எதை எடுத்துக் கொடுப்பான்? அந்தக் கேள்வி அப்போது யாருக்கும் தோன்றவில்லை. உசேன் மூன்று முறை எழுந்து போவது போலப் போய், மூன்று முறை திரும்பி வந்து, கடைசியில் ஒரு மர யானை பொம்மைக்கும் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கும் பேரத்தை முடித்தான்.

மறுநாள் பாட்டில் கைக்கு வந்தது. நல்ல உயரம். உள்ளே இளம் தங்க நிறம். ஸ்டானிஸ்லாஸ் ஒட்டியிருந்த லேபிளை உரக்க வாசித்தார்: "வினைக்ரே... தெ... வின்... பிளாங்க்."

"இன்னா மாமு அது?"

"வின் பிளாங்க்னா வெள்ளை ஒயின். தெ-ன்னா, அந்த ஊருடையது. வினைக்ரே ஊரு."

"அப்டி ஒரு ஊரு கீதா?"

"பிரான்சுக்கு வடக்க. நல்ல குளிர்."

உசேன் நம்பினான். நீங்களும் நானும்தான் நம்ப மாட்டோம்.

கப்பல் சரக்கைக் கையில் வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு போக முடியுமா? போலீஸ்காரர் கேட்டால் வினைக்ரே எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டியிருக்கும். ஸ்டானிஸ்லாஸ் பாட்டிலை ஒரு பூத்துவாலையில் சுற்றி, தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஏறியதும் ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். அத்தோடு விட்டாளா?

"கொயந்தைக்கு இன்னா?"

"ஜுரம்."

"ஐயோ, பேச்சு மூச்சே காணோமே! சரி, தலை இன்னா இம்மாம் சின்னதா கீது?"

"அவங்கம்மா வழி."

அந்த அம்மாள் துவாலைக்கு மேலேயே கையை வைத்துப் பார்த்தாள். "யப்பா, சில்லுன்னு கீதே! உடம்பு வெறச்சுப்போச்சே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ் முழுக்க எழுந்து நின்றது. ஒருவர் சுக்கு என்றார், ஒருவர் வேப்பிலை என்றார், ஒருவர் ஞானஸ்நானம் ஆச்சா என்று கேட்டார். கண்டக்டர் விசில் ஊதிப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பஸ் நகராமல் அவர் உள்ளே போகிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றது. வேறு வழி? போனார். கண் கலங்க வழிவிட்ட கர்ப்பிணிகளுக்கு நடுவே ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலால் வெளியே வந்து, மிச்ச தூரத்தை நடந்து முடித்தார்.

வெள்ளை ஒயினைக் குளிர வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்பது இரண்டாவது கட்டளை. ராயபுரத்தில் ஐஸுக்கா பஞ்சம்? மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளமாக வந்து இறங்கியது. வாளியில் பாட்டிலை நிறுத்தி, ஐஸை உடைத்துப் போட்டார். நேற்றுவரை கவளை மீனோடு படுத்திருந்த ஐஸ் அது. வீட்டுப் பூனை மட்டுமல்ல, பக்கத்து மூன்று வீட்டுப் பூனைகளும் வாளியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற வேளைக்கு அவர்கள் வந்தார்கள். முன்னால் அந்துவான், நிமிர்ந்த நடை, முறுக்கிய மீசை, கோட்டில் பட்டாளத்துப் பதக்கம். பின்னால் அவர் மனைவி சிலுவையம்மாள். பருத்த உடம்பு, சாந்தமான, எதையும் கவனிக்கிற கண்கள். கடைசியில் ஹென்றி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு.

அந்துவானைப் பற்றி இங்கே ஒரு ரகசியம் சொல்லிவிட வேண்டும். அவர் பட்டாளத்தில் குடித்ததெல்லாம் தகரக் குவளையில் ஊற்றிய முரட்டுச் சிவப்புதான். வெள்ளை ஒயினை அதிகாரிகளின் மேஜையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். ஆனால் ஊருக்குத் திரும்பியதிலிருந்து, "கேப்டனோட உக்காந்து வென் பிளான் குடிக்கையில..." என்றுதான் ஒவ்வொரு கதையும் ஆரம்பமாகும். பிரெஞ்சு பேச்சு வரும். படிப்பு, பென்ஷன் சீட்டில் தம் பெயரைக் கண்டுபிடிக்கிற அளவு.

வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்கும் இலையில் விழுந்தன. ஸ்டானிஸ்லாஸ் வாளியிலிருந்து பாட்டிலைத் தூக்கி, துவாலையால் துடைத்து, இரு கைகளாலும் அந்துவானிடம் நீட்டினார். மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கிய தக்கைத் திருகியைப் பையிலிருந்து எடுத்தார். பாட்டிலுக்குத் தக்கையே இல்லை, சாதாரண மூடி. கொஞ்சம் சோகத்தோடு திருகியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்துவான் பாட்டிலைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து லேபிளைப் பார்த்தார். கடைசி இரண்டு வார்த்தை, அதிகாரிகளின் மேஜைப் பாட்டில்களில் பார்த்துப் பழகிய வார்த்தை. "ஓ, வென் பிளான்!" என்றார் கம்பீரமாக.

"வினைக்ரே" என்றார் ஸ்டானிஸ்லாஸ் பணிவாக, எந்தப் பிரெஞ்சுக்காரருக்கும் விளங்காத உச்சரிப்பில்.

"ஓ... வினைக்ரே!" என்றார் அந்துவான், அந்த ஊரில் ஒரு வருஷம் முகாம் போட்டவர் மாதிரி.

கிளாஸ்களில் ஊற்றப்பட்டது. இருவரும் மோந்தார்கள். ஸ்டானிஸ்லாஸின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "வீரியம்" என்று முணுமுணுத்தார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தார்கள்.

அந்த ஒரு கணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்துவானின் மீசை இரண்டு பக்கமும் தானாக மேலே ஏறியது. தொண்டையில் யாரோ ரம்பத்தை இழுத்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் மனம் என்ன சொல்லிற்று? 'கப்பல் கப்பலாக ஏறி இறங்குகிறவர் கொடுக்கிறார். அதிகாரிகள் குடித்தது இப்படித்தான் இருந்திருக்கும். நமக்குத்தான் பழக்கம் இல்லை. முகத்தைச் சுளித்தால் இத்தனை வருஷத்துக் கதையும் போய்விடும்.' ஸ்டானிஸ்லாஸுக்கோ காது வழியாகப் புகை வந்தது. கப்பலில் குடித்தது இப்படி இல்லையே என்று ஒரு சந்தேகம் தலை தூக்கியது. அதற்குள் அந்துவான் வாயைத் திறந்துவிட்டார்.

"த்ரே பியேன்!"

பிரமாதம் என்று பிரெஞ்சுப் பட்டாளமே சான்றிதழ் கொடுத்த பிறகு சந்தேகம் எதற்கு? ஸ்டானிஸ்லாஸ் கிளாஸை மறுபடி நிரப்பினார்.

"எலுமிச்சந்தோப்புல நடந்த மாதிரி இருக்கு, பாத்தீங்களா?"

"தோப்புக்குப் பின்னால கடல்காத்து" என்றார் அந்துவான், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

"கொஞ்சம் மல்லிப்பூ?"

"மல்லிதான். கேப்டன் இதைத்தான் சொல்வாரு."

ஒருவர் ஒரு வாய் குடித்தால் மற்றவர் இரண்டு வாய் குடித்தார். இருவர் நெற்றியிலும் முத்து முத்தாக வியர்வை. அந்துவானின் கண்ணிலும் நீர் வழிந்தது. அதைப் பிரான்சின் ஞாபகம் என்றார். பாட்டிலில் பாதி இறங்கியதும் ஸ்டானிஸ்லாஸ் மாப்பிள்ளைக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்.

ஹென்றி எண்ணூர்த் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு வாழ்கிறவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு வாய் வைத்தான். புரையேறியது. இறால் தொக்கு ஒரு பக்கம், ஒயின் ஒரு பக்கம். இருமி முடித்துத் தலை நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அப்பா... இது காடி."

வாசலில் பூனைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. ஹில்டா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடா சொன்ன?" என்றார் அந்துவான். மீசை துடித்தது. "பெரிய மனுஷர் வீட்டுல உக்காந்துகிட்டு..."

"காடிதாம்பா. ஊறுகாய்க்கு ஊத்துவாங்களே, வினிகரு."

ஸ்டானிஸ்லாஸின் முகம் செத்துப்போயிற்று. பாவம், அப்போதுதான் எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த ஒரு கிளாஸைத் தேடித்தானே இத்தனை வருஷமும் ஓடினார்? அவர் மெல்லிய குரலில், ஒரு குழந்தை கேட்பது போல, "ஐரீன், நீ சொல்லும்மா" என்றார்.

இதைவிடக் கஷ்டமான பரீட்சை ஒரு டீச்சருக்கு வருமா? அப்பாவைக் காப்பாற்றினால் ஹென்றி பொய்யன். ஹென்றியைக் காப்பாற்றினால் அப்பா கோமாளி. சம்பந்தமும் போகும். ஐரீன் வந்தாள். அப்பாவின் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள், பிறகு நேராக ஹென்றியைப் பார்த்தாள்.

"காடிதாம்பா. நல்ல காடி."

ஹில்டா சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பின்னாலேயே சிலுவையம்மாள் வந்தாள், கையில் கணவரின் கிளாஸோடு. நிதானமாக ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அழாதீங்கக்கா. ஆண்டவருக்குச் சிலுவையில சிப்பாய் காடி குடுத்தான்னு கோயில்ல வாசிக்கக் கேட்டிருக்கேன். சிப்பாய்க்கே காடி குடுத்து நான் பாத்தது ஒங்க வீட்டுலதான்."

ஹில்டா அழுகையை நிறுத்தினாள். சிலுவையம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மாளின் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கணம் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, சத்தம் வெளியே போகாமல் சிரித்த சிரிப்பில், அலமாரியிலிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் அதிர்ந்தன.

கூடத்தில் அந்துவான் எழுந்து நின்றார். போய்விடப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஹென்றியைப் பார்த்தார், ஐரீனைப் பார்த்தார், கோட்டைச் சரி செய்துகொண்டார்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுங்க. ரெண்டுக்கும்தான். ஒண்ணுக்கு ஒண்ணு சரியான ஜோடி." பிறகு ஸ்டானிஸ்லாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரசனை உள்ள மனுஷர் நம்ம பக்கத்துல நீங்க ஒருத்தர்தான். மிச்சத்தையும் ஊத்துங்க, சம்பந்தி!"

சம்பந்தி என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. ஸ்டானிஸ்லாஸ் அழுதேவிட்டார், இந்தத் தடவை வீரியத்தால் அல்ல. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இருவரும் மிச்சத்தையும் குடித்தார்கள். ஆக, அந்தக் கல்யாணம் ஒரே வீட்டில், ஒரே சாயங்காலத்தில், இரண்டு தடவை நிச்சயமாயிற்று: அது அருமையான ஒயின் என்று ஒப்புக்கொண்டதற்காக அப்பாக்களுக்குள்ளே ஒரு தடவை, அது வெறும் காடி என்று ஒப்புக்கொண்டதற்காகப் பிள்ளைகளுக்குள்ளே ஒரு தடவை.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஹென்றி கேட்டான். "அப்பா பக்கம் பேசுவீங்கன்னு நெனச்சேன்."

"வாயி எரிஞ்சுது. பொய்யி வரல" என்றாள் ஐரீன். அது இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு இரு சம்பந்திகளும் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மோரையே குடித்துக் கிடந்ததைப் பற்றி விவரிக்க வேண்டாம். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. விருந்தில் கலர்தான். ஐரீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் ரசிகர்கள் திருந்துவார்களா? கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் சேர்ந்து உசேனைத் துரத்தினார்கள். இன்னொரு பாட்டில், அதே வினைக்ரே வேண்டும். உசேன் வேறொரு கப்பலில் விசாரித்தான். இந்தத் தடவை அகப்பட்டவன் சமையல்காரன் அல்ல, பரிமாறுகிறவன். அவன் கொடுத்தது தக்கை போட்ட, பனி பூத்த, சாட்சாத் பிரெஞ்சு வெள்ளை ஒயின். அதுவும் ஒரு சங்கு மாலைக்கு. பிரெஞ்சு, வெள்ளை, சல்லிசு. மூன்றும் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று!

சம்பந்திகள் திருகியால் திறந்தார்கள், மோந்தார்கள், குடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சப்புன்னு இருக்கே" என்றார் அந்துவான்.

"தண்ணி கலந்துட்டான்" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "வீரியமே இல்ல. ஏமாந்துட்டோம் சம்பந்தி."

உசேனுக்கு நன்றாக வசவு விழுந்தது. பாட்டிலைச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டு இருவரும் கடற்கரைக்கு நடக்கப் போய்விட்டார்கள். ஹில்டாவும் சிலுவையம்மாளும் வறுத்த வஞ்சிரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்து, அதை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்கள். சல்லிசு விலைக்கு வந்த பிரெஞ்சு வெள்ளையை மீனோடு சேர்த்து உண்மையிலேயே அனுபவித்தவர்கள் ராயபுரத்தில் அந்த இருவர்தான்.

"இது என்னதுக்கா?" என்றாள் சிலுவையம்மாள்.

"இன்னாவோ. மீனுக்கு நல்லா கீது" என்றாள் ஹில்டா.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி, பர்மா பஜாரில் நீங்கள் வாங்கிய அந்த ஃபாரின் பிஸ்கட்டை வாயில் போட்டு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, "என்ன விலைக்கு அடிச்சேன் தெரியுமா?" என்று அவரைக் கேட்டது யார்? டப்பாவின் அடியிலிருந்த வெளிநாட்டு எழுத்தை அவர் கண்ணுக்கு நேரே திருப்பி வைத்தது யார்? நானில்லை. ஆகவே இன்றைக்கு இரவு சாப்பாட்டில் எதையாவது ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் நீர் தளும்புவதைப் பார்த்து, ரசிக்கிறார் என்று நீங்கள் பூரித்துப் போகுமுன், தயவுசெய்து நீங்களும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.